நல்ல நாடகத்தைத் தப்பாகச் சிபாரிசு செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் தமிழ் ஆட்கள் யாராவது ஒரு புது நாடகப் பிரதியைப் படித்து உருகிப்போனால் அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான்: தெரிந்த நாடகக்காரர் அத்தனை பேருக்கும் வாட்ஸாப்பில் பிடிஎஃப்பைத் தட்டிவிட்டு, கீழே "அருமையான நாடகம், கட்டாயம் மேடையேறணும்" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பிடிஎஃப்பைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. அப்புறம் இங்கே நம் நாடகத்துக்கு ஆதரவே இல்லை என்று வருத்தப்படுகிறோம். ஆதரவு குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் பல நாடகங்கள் அந்தக் கட்டத்துக்கே போவதில்லை, சிபாரிசு செய்த விதத்திலேயே படுத்துவிடுகின்றன.

முதல் தவறு, வெறும் பாராட்டு. ஓர் அரங்கத்தில் எதைப் போடுவது என்று முடிவு செய்கிறவரிடம் வரும் எல்லா நாடகமும் அருமை என்றுதான் வருகிறது, அதனால் அந்தச் சொல் அவருக்கு எதையும் சொல்வதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எத்தனை நடிகர், எவ்வளவு நேரம், எந்த மொழி, செட் எவ்வளவு பெரியது, யாராவது உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்த்தார்களா, உரிமை யார் கையில் இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு, நம் ஆட்கள் நிறைய வாழும் டர்பன் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் ஒரு நாடகத்தைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூன்று பெண்கள், பாட்டியும் இரண்டு பேத்திகளும். 70 நிமிடம், இடைவேளை இல்லை. முழுக்க சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நடக்கிறது, ஒரு மேசையும் அடுப்பும் போதும். ஆங்கிலம், பாட்டி பேசும் இடங்கள் மட்டும் தமிழ். போன மாதம் வாசித்துப் பார்த்தோம், கடைசிக் காட்சி நீளம், எழுதியவர் திருத்திக்கொண்டிருக்கிறார். தாத்தா போன பிறகு வீட்டை விற்பதா என்று அக்காவும் தங்கையும் மோதும் இடம் 12-ஆம் பக்கத்தில் இருக்கிறது, அதை மட்டும் முதலில் படியுங்கள்."

இதைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. இதில் அருமை என்ற சொல்லே இல்லை, ஆனால் படிப்பவர் கண்ணில் மேடை வந்துவிடுகிறது, 12-ஆம் பக்கத்தைத் திறந்து பார்க்கவும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கடைசிக் காட்சி நீளம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் மற்றதையும் நம்புவார்.

குறையை மறைப்பதுதான் இரண்டாவது தவறு, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. எட்டுப் பேர் வேண்டிய நாடகத்தைச் "சின்னக் குழுவே போதும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள், நாலு பேர் ஆளுக்கு இரண்டு வேடம் போட்டால் சரியாகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அப்படிச் செய்ய முடியுமா முடியாதா என்பது எழுதியவர் அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 1981-இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் வந்த 'வோசா ஆல்பர்ட்!' நாடகத்தில் மேடையில் இருந்தது இரண்டே நடிகர்கள், பெர்சி ம்ட்வாவும் ம்போங்கெனி ங்கேமாவும். நாடகத்துக்குள் வரும் மனிதர்களோ ஏராளம். வெள்ளைக்காரனாக மாற வேண்டுமென்றால் கழுத்தில் தொங்கும் இளஞ்சிவப்புக் கோமாளி மூக்கை எடுத்து மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அது ஆள் கிடைக்காமல் கடைசி நேரத்தில் செய்த சமாளிப்பு இல்லை, ஒத்திகை அறையில் இரண்டு உடம்புகளை வைத்தே உருவான நாடகம் அது. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரு கல்யாண மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், எட்டு என்றே எழுதுங்கள்.

கூத்து சேர்த்த நாடகங்களில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத் தப்புகிறது. நம் தெருக்கூத்து, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றால்தான் பலருக்குப் புரியும், அதன் பாட்டையும் அடவையும் எடுத்துப் புது நாடகம் எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் அதைச் சிபாரிசு செய்கிறவர்கள் நடிகர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பாடுகிறவரையும் மத்தளக்காரரையும் ஆர்மோனியக்காரரையும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் சம்பளம், சாப்பாடு, வண்டி எல்லாம் உண்டு, மேடையில் உட்கார இடமும் வேண்டும்.

இடத்தைப் பார்க்காமல் சிபாரிசு செய்வது அடுத்தது. டர்பன் பிளேஹவுஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதற்குள் பெரிய ஓபரா அரங்கும் இருக்கிறது, சின்ன லாஃப்ட் அரங்கும் இருக்கிறது, ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றில் காணாமலே போய்விடும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஸ்னெடன் அரங்கம் வேறு மாதிரி. மக்காண்டா ஊரில் நடக்கும் தேசியக் கலை விழாவின் ஃபிரிஞ்ச் பிரிவுக்கு, அதாவது குழுக்கள் தாங்களாகவே வந்து நாடகம் போடும் பிரிவுக்கு, ஏற்றது என்று சிலர் எழுதுகிறார்கள், அங்கே குழுக்கள் தங்கள் செலவில்தான் போய் வருகின்றன, ஒரே அரங்கில் ஒரு நாளில் பல நாடகங்கள் நடக்கும், முடிந்த கையோடு செட்டைக் கழற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். மூன்று கதவும் மாடிப்படியும் உள்ள செட்டோடு அங்கே போக முடியாது. அதேபோல டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் இருக்கும் சமூக மண்டபங்கள், கோயில் மண்டபங்கள். கல்யாணத்துக்குக் கட்டியவை, பக்கவாட்டில் நடிகர் மறைய இடமிருக்காது, கூரையில் பேச்சு எதிரொலிக்கும். மெல்லிய குரலில் பேசும் நாடகத்தை அங்கே அனுப்பினால் மூன்றாம் வரிசைக்கு மேல் கேட்காது. எந்த இடத்துக்குச் சிபாரிசு செய்கிறீர்களோ அங்கே ஒரு நாடகமாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், முடிந்தால் கடைசி வரிசையில்.

மொழி விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம், தமிழ் காதில் விழும், பாட்டில் வரும், கோயிலில் வரும், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் குறைவு. திறமையான நடிகை ஒருத்திக்கு முழுக்கத் தமிழ் எழுத்தில் இருக்கும் பிரதியை அனுப்பினால் அவள் வெட்கப்பட்டுக்கொண்டு பதிலே போட மாட்டாள், நாம் அவளுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். இது நடந்துகொண்டேயிருக்கிறது, எனக்கு இதில் உண்மையாகவே வேதனை உண்டு. தமிழ் வசனத்தை முதல் வரியில் தமிழ் எழுத்திலும், அதன் கீழே ரோமன் எழுத்தில் உச்சரிப்பும், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலப் பொருளும் போட்டுக் கொடுங்கள். கூடவே அந்த வசனங்களை யாராவது நன்றாகப் பேசத் தெரிந்தவர் குரலில் பதிவு செய்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. அரங்கத்துக்கு எழுதும்போதும் எந்தப் பங்கு எந்த மொழி என்று சொல்லுங்கள், ஜூலு வசனம் இருந்தால் அதையும் சேர்த்து, ஏனென்றால் அதைப் பேசுகிற நடிகரை அவர்கள் தேட வேண்டும். "பார்வையாளர்களுக்கு எல்லாம் புரியும்" என்று மட்டும் மழுப்பாதீர்கள்.

நடிகர்களிடம் செய்யும் தவறு வேறு வகை. "இந்தப் பாத்திரம் உனக்காகவே எழுதினது" என்று நாலு பேரிடம் சொல்வது. டர்பன் நாடக உலகம் சின்னது, ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். "அண்ணா, எனக்குன்னு சொன்னீங்களே, அவங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கீங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் அடுத்த சிபாரிசுக்கு மதிப்பே இல்லை. பாத்திரத்தில் எந்த இடம் அவருக்கு நன்றாக வரும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள், எது கஷ்டம் என்றும் சொல்லுங்கள். பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், ஒத்திகை எத்தனை மாலை, கையில் ஏதாவது கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதல் செய்தியிலேயே சொல்வதுதான் மரியாதை.

நாள் பார்ப்பதும் முக்கியம். புரட்டாசியில் சனிக்கிழமை ஒத்திகை வைக்கலாம் என்று யோசனை சொல்கிறவரை என்ன செய்வது? தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாக்கள், ஆடிக் கூழ், தீபாவளி, இத்தனைக்கும் நடுவில்தான் நம் நடிகர்களும் பார்வையாளர்களும் இருக்கிறார்கள். பெரிய அரங்கங்கள் வருஷ நிகழ்ச்சிகளை வெகு முன்னாலேயே முடிவு செய்துவிடும். அடுத்த மாதமே போட வேண்டும் என்று எழுதாதீர்கள்.

உரிமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவரிடம் கேட்காமல் பிரதியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கலாம், பழைய வடிவம் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும், ஆகவே "பழைய நாடகம்தானே" என்பதும் செல்லாது. பல நாடகங்களின் மேடை உரிமத்தை டால்ரோ அமைப்பு பார்த்துக்கொள்கிறது, அங்கே விசாரிக்கலாம். குழுவாகச் சேர்ந்து உருவாக்கிய நாடகமென்றால் இயக்குநர் ஒருவரைக் கேட்டால் போதாது, உருவாக்கிய எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும்.

அனுப்பிய பிறகு நாலு வாரம் பொறுங்கள், அப்புறம் ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் வாதாடாமல், எது ஒத்துவரவில்லை, அளவா, மொழியா, பணமா என்று மட்டும் கேட்டு, வந்த பதிலை மாற்றாமல் எழுதியவரிடம் சேருங்கள். சரி என்று பதில் வந்தால் எழுதியவரையும் அரங்கத்தையும் நேரடியாகப் பேச வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள், நடிகர் தேர்விலும் சம்பளத்திலும் நடுவில் நின்று தகவல் சொல்கிறவராக இருக்க வேண்டாம்.