கொழும்பில் வீடு தேடுகிறீர்களா? நம்பரை விடுங்கள், ஒழுங்கையைப் பாருங்கள்

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலை கிடைத்து கொழும்புக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஏரியா சேஃப்?" என்பதைத்தான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருக்கிற யாராவது நம்பர் சொல்லத் தொடங்கிவிடுவார். கொழும்பு 1 முதல் 15 வரை தபால் எண்களாகப் பிரிந்த ஊர். 7 என்றால் கறுவாத்தோட்டம், பெரிய வீடுகள், தூதரகங்கள். 6 வெள்ளவத்தை, காலி வீதியில் காலை முதல் இரவு வரை தமிழ் கேட்கும். 13, 14, 15 என்று கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கம் போனால் "ஐயோ, அங்கேயா?" என்று ஒரு இழுப்பு வரும். அந்த இழுப்பில் பாதி உண்மை, பாதி பணக்காரப் பேச்சு.

உண்மை என்னவென்றால், நகரின் வடக்குப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடுகள் நடக்கத்தான் செய்கின்றன. பாதாளக் குழுக்கள் என்று இங்கே பத்திரிகைகள் எழுதுகிற கும்பல்கள், அவற்றின் போதைப்பொருள் வியாபாரம், அதில் பழிக்குப் பழி. 2025 பிப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே வழக்கறிஞர் உடையில் வந்த ஒருவன் கைதி ஒருவரைச் சுட்டுக் கொன்றான், ஊரே அதிர்ந்தது. ஆனால் சுடப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கும்பல்களோடு ஏதோ ஒரு கணக்கு உள்ளவர்கள். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்கும் டியூஷனுக்கும் கடைக்கும் போய் வருகிற ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாக அங்கேதான் இருக்கின்றன.

குற்ற எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொலிஸ் (இங்கே இப்படித்தான் எழுதுவார்கள், பழகிவிடும்) குற்றக் கணக்கைத் தன் சொந்தப் பிரிவுகள் வாரியாகத்தான் வைக்கிறது. கொழும்பு வடக்கு, மத்தி, தெற்கு என்று போகும் அந்த எல்லைகள் நம் தபால் எண்களோடு பொருந்தாது. புறக்கோட்டையைப் பாருங்கள், குடியிருப்பவர்கள் கொஞ்சம், பகலில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து குவிகிறவர்கள் எக்கச்சக்கம். அங்கே நடக்கிற பிக்பாக்கெட்டை எல்லாம் குடியிருப்பவர்கள் தலைக்கு வகுத்தால் பயங்கரமாகத்தான் தெரியும். அப்புறம், போன் பறிபோன எத்தனை பேர் பொலிஸுக்குப் போகிறார்கள்?

எனக்கு இதைப் புரிய வைத்தது முதல் வீட்டுக்கார அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, நம்பரை விடுங்கோ, ஒழுங்கையைப் பாருங்கோ, இரவு எட்டு மணிக்கு வந்து பாருங்கோ" என்றார். ஒழுங்கை என்றால் நம்மூர்ச் சந்து. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற வெள்ளவத்தை ஒழுங்கைகளிலேயே ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம். ஒன்றில் விளக்கு எரியும், முனையில் கடை திறந்திருக்கும், ஆட்டோக்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்ததில் கட்டி முடிக்காத அடுக்குமாடியும் இருட்டும்தான். ஆட்டோக்காரர்கள் நிற்கிற முனையைக் கண்டு பயப்படாதீர்கள், ஒரு வாரத்தில் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதுதான் காவல். ராத்திரி நேரத்தில் மட்டும் பேரம் பேசாமல் பிக்மீயிலோ ஊபரிலோ போட்டுக்கொண்டு வாருங்கள்.

வெள்ளவத்தையில் நிஜமான தொல்லை சங்கிலி அறுப்பு. நகை போடுகிற சனம் இங்கே அதிகம் என்பது திருடனுக்கும் தெரியும். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள், பின்னால் இருந்து வருவார்கள். அதனால் வாகனம் எதிரே வருகிற பக்கமாக நடங்கள், கைப்பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள். என் மனைவியின் சங்கிலி தப்பியது முந்தானையைப் போர்த்தியிருந்ததால் மட்டுமே. அவன் கைக்குச் சேலைதான் வந்தது, கழுத்தில் ஒரு வாரம் கீறல் இருந்தது. அதற்குப் பிறகு கோயிலுக்கு மட்டும் தங்கம், காய்கறிக் கடைக்குக் கவரிங்.

எனக்குப் போனது போன். கடற்கரை ஓரமாக மரைன் டிரைவில் பேசிக்கொண்டே நடந்தபோது பறித்துவிட்டான். முறைப்பாடு கொடுக்க ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன் (புகார் என்று சொன்னால் புரியும், ஆனால் இங்கே சொல் முறைப்பாடு, பேச்சில் "என்ட்ரி"). தமிழ் தெரிந்தவர் டியூட்டியில் இல்லை. சொன்னதை இன்னொருவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு நண்பர் படித்துப் பார்த்தால் போன் "தொலைந்தது" என்றிருந்தது, பறிக்கப்பட்டது என்றில்லை. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, தமிழில் முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த அதிகாரி வரும்வரை உட்கார்ந்திருங்கள், இல்லையென்றால் சிங்களம் படிக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாசிக்க முடியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள், பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். அவசரத்துக்கு பொலிஸ் 119, ஆம்புலன்ஸ் 1990. அந்த ஆம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய நிதி உதவியோடு தொடங்கியது, இலவசம்.

கத்தியே இல்லாமல் பெரிய தொகை போவது வாடகை முற்பணத்தில். இங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்பது சாதாரணம். ஒரே அனெக்ஸை (வீட்டோடு ஒட்டிய தனி வாடகைப் பகுதி) காட்டி மூன்று பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற ஆட்களும் உண்டு. புரோக்கர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், உரிமையாளரை நேரில் பார்த்து, மின்சார பில்லில் யார் பெயர் என்று பார்த்து, ஒப்பந்தம் எழுதிய பிறகே காசு.

வீட்டுக்காரர் உங்கள் பாஸ்போர்ட் பிரதி கேட்டால் கோபப்பட வேண்டாம். போர்க்காலத்தில் தமிழர் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லாட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள், மறுநாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது (இங்கே அதன் பெயர் உயர் நீதிமன்றம், குழம்பாதீர்கள்). அந்தப் பயம் பெரியவர்களிடம் முழுதாகப் போகவில்லை. அதே காரணத்துக்காக, நம்மூரில் சுவரொட்டியில் சாதாரணமாகப் பார்க்கிற விடுதலைப் புலிகள் படங்களை இங்கிருந்து பகிராதீர்கள். முகநூல் பதிவுக்காக 2024 நவம்பரில்கூடக் கைது நடந்தது.

கடைசியாகக் கொசு. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, கொழும்பு மாவட்டத்தில் ஏகப்பட்டது. அதனால் ஒழுங்கை பார்க்கப் போகிற இரவு மழை பெய்தால் திரும்பிவிடாதீர்கள். குடையைப் பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.