யூமிங்கைக் கேட்கத் தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழி

ஜப்பானியப் பாட்டு கேட்க ஆசைதான், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது யூமி மாட்சுடோயாவைத்தான். ரசிகர்களுக்கு அவர் 'யூமிங்'. எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது எல்லாம் அவரே. 1972-இல் வந்தவர், ஐம்பது வருடம் தாண்டியும் நிறுத்தவில்லை. சிக்கலும் அதுதான், அவ்வளவு ஆல்பம் இருக்கிறது. நான் முதலில் ஒரு 'பெஸ்ட்' தொகுப்பை ஷஃபிளில் போட்டேன். 1973-உம் 1994-உம் அடுத்தடுத்து வந்ததில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இரண்டே நாளில் மூடி வைத்துவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், முதல் நான்கு ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள்.

படி 1: பெயர். 1976 கடைசியில் கீபோர்ட் கலைஞர் மசடக்கா மாட்சுடோயாவைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு முன்பு அவர் யூமி அராய். செயலியில் ஒரு பெயரைப் போட்டுத் தேடி முதல் நான்கு ஆல்பங்கள் காணவில்லை என்றால், மற்ற பெயரையும் போட்டுப் பாருங்கள்.

படி 2: 'ஹிகோகி-குமோ', 1973. விமானம் போன பிறகு வானத்தில் நிற்கும் வெள்ளைக் கோட்டுக்குத்தான் இந்தப் பெயர். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு இளவயதில் இறந்துபோன ஒரு பள்ளித் தோழனின் நினைவில் பிறந்தது, ஆனால் அழுது வடியாது. ஹச்சியோஜியில் கிமோனோத் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண், அப்போது வயது 19, பாட்டெழுதித் தந்தால் போதும் என்றிருந்தவர். நீயே பாடு என்று சொன்னவர் தயாரிப்பாளர் குனிஹிகோ முராய். பாடும்போது குரல் மெல்லிசாக நடுங்கும் பழக்கம் அவருக்கு இருந்ததாம், அதை விடச் சொல்லித் திரும்பத் திரும்பப் பாட வைத்ததில் ஒலிப்பதிவு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். ஆடாமல், அலங்காரம் இல்லாமல், அப்படியே நேராகப் போய் நின்றுவிடும். பெரிய குரல் இல்லை, சிலருக்குத் தட்டையாகக்கூடத் தோன்றும். எனக்கு மூன்றாவது தடவைதான் பிடித்தது.

அடுத்த தடவை பேஸ் கிடாரை மட்டும் கேளுங்கள். வாசிப்பவர் ஹருஓமி ஹோசோனோ, பின்னாளில் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற மின்னணு இசைக்குழுவைத் தொடங்கியவர். கீபோர்டில் இருப்பவர் வருங்காலக் கணவர்!

படி 3: 'மிஸ்லிம்', 1974. இதில் 'யசாஷிசா நி சுட்சுமரேதா நரா' என்ற பாட்டு இருக்கிறது. இதே பாட்டு சில மாதங்கள் முன்பு சிங்கிளாக வேறு இசையமைப்பில் வந்தது, அது ஒரு மிட்டாய் விளம்பரத்துக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான், ஆனால் ஆல்பத்தில் கிடார் முன்னால் வந்து பாட்டு நடைபோடுகிறது. அப்புறம் 'உமி ஓ மிதெய்தா கோகோ'. யோகோஹாமாவில் மேட்டின் மேல் 'டால்ஃபின்' என்று ஓர் உணவகம், நிஜமாகவே இருக்கும் இடம். அங்கே உட்கார்ந்து பழைய காதலை நினைக்கும் ஒருத்தியின் சோடா கிளாஸுக்குள் தூரத்துச் சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போகிறது. ஒரே படம், பாட்டு முழுக்க அதிலேயே நின்றுவிடுகிறது.

படி 4: 'கோபால்ட் ஹவர்', 1975. இங்கே வேகம் கூடும். 'ருஜ் நோ டெங்கோன்' கேளுங்கள்: வேறொருத்தியிடம் சாய்ந்த ஆளுக்குக் குளியலறையில் உதட்டுச்சாயத்தால் சேதி எழுதி வைத்துவிட்டு, அவனுடைய அம்மாவிடமே புகார் சொல்ல ரயில் ஏறுகிறாள் ஒருத்தி.

படி 5: '14-ஆவது நிலா', 1976. அராய் என்ற பெயரில் கடைசி ஸ்டுடியோ ஆல்பம். 'சூஓ ஃப்ரீவே' பாட்டை மட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் சாலை, வலப்பக்கம் குதிரைப் பந்தயத் திடல், இடப்பக்கம் பீர் ஆலை. ஃபுச்சு என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். அப்படியே போனால் ஹச்சியோஜி, அவருடைய ஊர்.

படி 6: இனிமேல் தாவலாம். 1980-இன் 'சர்ஃப் அண்ட் ஸ்னோ' ஆல்பம், அப்புறம் 1994-இன் 'ஹாரு யோ, கோய்' பாட்டு. எண்பதுகளின் இறுதியில் விற்பனை உச்சத்துக்குப் போனாலும், சிந்தசைசர் மினுக்கு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் பாடகி செய்கோ மாட்சுடாவின் 'அகாய் ஸ்வீட் பீ' (1982) பாட்டைத் தவற விடாதீர்கள். மெட்டு யூமிங்குடையது, போட்டிருந்த பெயரோ 'குரேத்தா கருஹோ'. பழைய ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் பெயரை வைத்துச் செய்த குறும்பு அது.

இவ்வளவும் கேட்ட பிறகு ஹயாவோ மியாசாக்கியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) அனிமேஷன் படத்தைப் பாருங்கள். முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசிப் பெயர்ப் பட்டியலோடு வருவது, நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த 'ஹிகோகி-குமோ'வேதான்.