தீம் பார்க்குக்கு ஒரே நாள்தான் இருக்கிறதா? வரிசையை வைத்துத் திட்டம் போடுங்கள்

பெரிய தீம் பார்க் ஒன்றை ஒரே நாளில் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தால், கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை 12 மணி நேரம். கூட்டமான நாளில் பேர்பெற்ற ரைடு ஒன்றுக்கு வரிசையில் 45 நிமிடம், ரைடு 3 நிமிடம், அங்கிருந்து அடுத்ததற்கு நடக்க 10 நிமிடம் என்று வைத்தால் ஒரு ரைடுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். சாப்பாடு, பாத்ரூம், ஒரு ஷோ, சும்மா உட்காருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 மணி நேரம் கழித்தால் கையில் மிஞ்சுவது 9 ரைடு. பெரிய பார்க்கில் முப்பதுக்கும் மேல் இருக்கும். அதனால் எதை விடலாம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போவதுதான் முதல் வேலை.

இதைச் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. கூட வருகிற ஒவ்வொருவரும் "இது இல்லாமல் திரும்ப மாட்டேன்" என்று ஒரே ஒரு ரைடைச் சொல்லட்டும். நான்கு பேர் என்றால் நான்கு, இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் இன்னும் நல்லது. அந்த நான்கும் முடிந்துவிட்டால் அந்த நாள் கைக்கு வந்துவிட்டது, மீதி எல்லாம் லாபக் கணக்கு. பன்னிரண்டு ரைடு எழுதி, பக்கத்தில் நிமிடக் கணக்கு போட்டு, அட்டவணையாக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பதினோரு மணிக்கு ஒரு ரைடு பழுதாகி நின்றால் அந்த அட்டவணை மொத்தமும் சரிந்துவிடும், அப்புறம் பாதி நாள் வாக்குவாதத்திலேயே போகும்.

தேதி. பள்ளி நடக்கிற நாட்களில், வாரத்தின் நடுவில் போக முடிந்தால் போங்கள். வெளிநாட்டுப் பார்க் என்றால் நம் காலண்டரை மூடி வைத்துவிட்டு அந்த நாட்டுக் காலண்டரைப் பாருங்கள், பலரும் கோட்டைவிடுகிற இடம் இது. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரிசையாக விடுமுறை, சீனாவில் அக்டோபர் 1-ஐ ஒட்டிய வாரம், அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. அந்த நாட்களில் டிக்கெட் கிடைத்தாலும் பாதி நாள் வரிசையில்தான் நிற்பீர்கள். அதே போல, போகிற வாரம் எந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்று பார்க்கின் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். கூட்டம் குறைவான சீசனுக்கும் ஒரு கணக்கு உண்டு: சீக்கிரம் மூடிவிடுவார்கள், ரோலர் கோஸ்டரில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுவார்கள். தூறல் போட்டால் கவலைப்படாதீர்கள், அது கூட்டத்தைக் குறைத்துத் தரும். மின்னல் என்றால் மட்டும் வெளிப்புற ரைடுகள் நின்றுவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது எந்தப் பார்க் என்பதையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஒரே பார்க் இல்லை. ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் நான்கு தனித்தனி தீம் பார்க்குகள் இருக்கின்றன. டோக்கியோவிலும் டிஸ்னிலேண்ட் வேறு, டிஸ்னிசீ வேறு. ஒரு நாள்தான் என்றால் ஒரு பார்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வர ஆகும் நேரத்தில் இரண்டு ரைடு முடித்துவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் போடுகிறவர்கள் மேப்பை விரித்து, கிட்டக்கிட்ட இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து வழி போடுகிறார்கள். அதைவிட முக்கியம் ஒரு ரைடு மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் இரண்டு ரைடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் சங்கிலி போல ஒன்றோடொன்று இணைந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் நகரும் பெல்ட்டில் நடந்துபோய் ஏறிக்கொள்ள வேண்டும். வரிசை வாசலைத் தாண்டி நீண்டாலும் கால் நகர்ந்துகொண்டே இருக்கும். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டில் மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கும் சின்னக் கப்பல்கள், ஒன்றில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது, ஆனால் மணிக்குப் போய்வருகிறவர்கள் குறைவு. அதனால் காலை பத்து மணிக்கே அங்கே வரிசை அசையாமல் நிற்கும். ஆக, சின்ன வண்டி, பெரிய பெயர் என்று இருக்கிற ரைடுகள்தான் காலையில் முதலில் முடிக்க வேண்டியவை. படகில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போகிற ரைடுகள், பெரிய தியேட்டர்கள் எல்லாம் மதியத்துக்கு.

ஒரு வரிசையில் சேரலாமா வேண்டாமா என்று உங்களுக்கு நீங்களே கணக்கு போட்டுப் பார்க்கவும் முடியும். ஒரு ரயிலில் 24 இருக்கை, 90 விநாடிக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்றால் மணிக்கு 40 ரயில், 960 பேர். முன்னால் ஏறக்குறைய 400 பேர் இருந்தால் 25 நிமிடம். வரிசைகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் லிட்டில் விதி என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான், ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிறுவிக் காட்டியது. ஆனால் பக்கத்தில் காசு கொடுத்து வருகிற முன்னுரிமை வரிசை ஒன்று இருந்து, பாதி இருக்கை அவர்களுக்குப் போகிறது என்றால் உங்கள் 25 நிமிடம் 50 ஆகிவிடும். ஆள் குறைவாகத் தெரிந்தும் வரிசை நகராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வெளியே தெரிகிற வாலை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம், உள்ளே போனால் இன்னும் இரண்டு அறை முழுக்க வளைந்து வளைந்து நிற்பார்கள். பார்க்கின் ஆப்பில் காட்டுகிற வரிசை நேரம் தோராயம்தான் என்றாலும் வெறும் கண்ணை நம்புவதைவிட அது மேல்.

காலை. அறிவித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே வாசலில் இருங்கள். பை சோதனை, டிக்கெட் ஸ்கேன் இரண்டையும் தாண்ட வேண்டும், பல பார்க்குகளில் கேட்டைக் கொஞ்சம் முன்னாடியே திறந்து ஆட்களை உள்ளே ஓர் இடம்வரை விட்டுவிடுவார்கள். முதல் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் மூன்று நான்கு பெரிய ரைடுகளை முடித்துவிடலாம், மதியம் அதே வேலைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் நுழைந்தவுடன் கண்ணில் படும் கடைகள், கோட்டை முன்னால் போட்டோ, பொம்மை வேஷக்காரர்களோடு செல்ஃபி எதற்கும் அப்போது நிற்காதீர்கள், கோட்டை சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று: பார்க்குக்குச் சொந்தமான ஹோட்டலில் தங்கியிருப்பவர்களைச் சில இடங்களில் முன்கூட்டியே உள்ளே விடுகிறார்கள், வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அது அரை மணி நேரம். நீங்கள் வெளியே தங்கியிருந்தால், அவர்களுக்காக முதலில் திறந்த பகுதிக்கு ஓடாதீர்கள், நீங்கள் போவதற்குள் அங்கே வரிசை உருவாகியிருக்கும். வேறு மூலையில் இருந்து தொடங்குங்கள்.

காசு கொடுத்து வரிசையைத் தாண்டுகிற பாஸ் வாங்கலாமா? டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று கொண்டுவந்தபோது அது இலவசம். அமெரிக்கப் பார்க்குகளில் 2021-இல் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது லைட்னிங் லேன் என்று காசு கட்ட வேண்டும். யுனிவர்சல் பார்க்குகளில் இதே மாதிரி பாஸுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். என் கருத்து: சாதாரண வாரநாளில், காலையில் சீக்கிரம் போகிறவருக்கு இது தேவையில்லை. விடுமுறை நாள், மறுபடி அந்த ஊருக்கு வரப்போவதில்லை என்றால் வாங்கிவிடுங்கள், ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ரைடுகள் அதில் அடங்குகின்றனவா, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவைதானா என்று படித்துவிட்டு வாங்குங்கள். தலைக்கு இவ்வளவு என்பதால் குடும்பமாகப் போனால் டிக்கெட் விலையை எட்டிவிடும். இலவச வழி ஒன்று உண்டு, சிங்கிள் ரைடர் வரிசை. மூன்று பேர் உட்கார்ந்து ஓர் இருக்கை காலியாக இருந்தால் அதில் உங்களை உட்கார வைப்பார்கள், கூட வந்தவர்கள் வேறு ரயிலில் போவார்கள். ரைடில் ஓடுகிற இரண்டு நிமிடமும் கத்திக்கொண்டிருக்கப் போகிறீர்கள், பக்கத்தில் யார் இருந்தால் என்ன? சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இது ஒத்துவராது.

பிள்ளைகள் என்றதும் உயரம். பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் அளவுகோல் ஒன்று நட்டிருக்கும். மேஜிக் கிங்டமின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., அதே பார்க்கில் வேறொன்றுக்கு 97 என்று ரைடுக்கு ரைடு மாறும், வயதைக் கேட்கமாட்டார்கள். வீட்டிலேயே சுவரோடு நிற்க வைத்து, போட்டுக்கொண்டு போகிற செருப்பு அல்லது ஷூவோடு அளந்துவிடுங்கள். ஒரு செ.மீ. குறைந்தாலும் விடமாட்டார்கள், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வித்தையெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் பார்ப்பது. வாசலில் அளந்து உள்ளே விட்டாலும் ஏறுகிற இடத்தில் இன்னொரு முறை அளப்பார்கள், அதனால் விளிம்பில் இருக்கிற பிள்ளையிடம் "ஏற முடியாமலும் போகலாம்" என்று முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. ஏற முடியாத குழந்தையோடு வந்த பெற்றோருக்கு மாற்று ஏற்பாடு பல பெரிய பார்க்குகளில் உண்டு: ஒருவர் ரைடுக்குப் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருப்பார், அப்புறம் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இதை வரிசையில் சேர்வதற்கு முன்பே வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே பிள்ளையை, அன்று போட்ட உடையோடு, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் "நீலச் சட்டையா, பச்சையா" என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வரிசைகள் உச்சத்தில் இருக்கும், வெயிலும்தான். அந்த நேரத்தில் ரைடுகளோடு மல்லுக்கட்டாமல் ஏசி தியேட்டர் ஷோக்களைப் பாருங்கள், தண்ணீர் தெறிக்கிற ரைடுகளுக்குப் போங்கள் (இரவில் நனைந்தால் மிச்ச நேரம் முழுக்க நடுக்கம்தான், பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும்). சாப்பாட்டைப் பதினொன்றுக்கோ இரண்டரைக்கோ வைத்துக்கொண்டால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேஜை தேட வேண்டியதில்லை. ஆப்பிலேயே ஆர்டர் கொடுக்கிற வசதி இருந்தால் வரிசையில் நிற்கும்போதே கொடுத்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு சிமுலேட்டர் ரைடுகளுக்குப் போகாதீர்கள். திரை ஒரு பக்கம் பாய, இருக்கை இன்னொரு பக்கம் ஆடும் அந்த வகை, ரோலர் கோஸ்டரில் ஜாலியாக இருந்தவர்களையும் குமட்ட வைக்கும்.

ஷூ பழையதாக இருக்க வேண்டும். புது ஷூவை அன்றைக்கு முதல்முறையாகப் போட்டுக்கொண்டு போனால் மதியத்துக்குள் குதிகால் கொப்பளிக்கும், ஏனென்றால் ஒரு நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பார்க்கான எப்காட்டில் ஏரியைச் சுற்றியுள்ள வேர்ல்ட் ஷோகேஸ் பாதையே ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். டிக்கெட், மேப், வரிசை நேரம் எல்லாம் போனில்தான், பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். பை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, சில கோஸ்டர்களில் பாக்கெட்டில் உள்ள சில்லறையைக்கூட லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ரைடே பிடிக்காதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள், வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள். எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாகவே திரிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். நிழலான ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்தில் அங்கே சேர்ந்துகொண்டால் போதும்.

பரேடும் வாணவேடிக்கையும் நடக்கும்போது பாதிக் கூட்டம் அங்கே போய்விடும், பெரிய ரைடுகளின் வரிசை நன்றாகக் குறையும். இரண்டில் எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள், இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் அரைகுறையாகும். பல பார்க்குகளில் மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்துவிட்டால் உங்களை ஏற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்கள், ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் அன்று விட்டுப்போன பெரிய ரைடு ஒன்றின் வரிசைக்குள் நுழைந்துவிடுங்கள். ஆனால் ஒரு சில ரைடுகளைச் சீக்கிரமே மூடுவார்கள், அதை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி வரும். காரில் வந்தவர்கள் நிறுத்திய இடத்தின் எண்ணைக் காலையிலேயே படம் எடுத்திருக்க வேண்டும், ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்கள் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கு முந்தின வண்டியைப் பிடிக்கிற மாதிரி கிளம்புங்கள்.