34 எம்.பி.யில் எத்தனை 2 எம்.பி.? வகுக்காதீர்கள், சானலை எண்ணுங்கள்

தொலைத்தொடர்பில் டிரான்ஸ்மிஷன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய லிங்க் ரெஜிஸ்டரைப் பார்த்ததும் முதலில் கால்குலேட்டரைத்தான் எடுக்கிறார்கள். எஸ்.டி.எம்-1 (பல இ1-களை ஒன்றாக ஏற்றும் பெரிய லிங்க்) என்றால் 155.52 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட், பேச்சில் 'எம்.பி.'), இ1 (நாம் '2 எம்.பி.' என்கிற லைன்) என்றால் 2.048. வகுத்தால் 75.9 வரும். 'சரி, 75 இ1 போகும்' என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் போவது 63.

இந்தப் பழைய அலகுகளை மாற்ற நான் சொல்லித்தரும் வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் 64 கிலோபிட் சானலாக்கி எண்ணுங்கள். ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். இது எந்த நாட்டுக்கும் பொது. அதைக் கட்டும் விதம்தான் ஊருக்கு ஊர் வேறு.

நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் 32 டைம்ஸ்லாட் (ஒவ்வொன்றும் ஒரு 64 கிலோபிட் சானல்) சேர்ந்தால் ஒரு இ1. அதில் 0-வது ஸ்லாட் ஒத்திசைவுக்கு, 16-வது சிக்னலிங்குக்கு (அழைப்பை இணைக்க, துண்டிக்கப் போகும் தகவல்). பேச மிஞ்சுவது 30. அமெரிக்காவில் 24 ஸ்லாட்டோடு ஒரு ஃபிரேமுக்கு (எல்லா ஸ்லாட்டும் ஒரு முறை வரும் சுற்று, நொடிக்கு 8,000) ஒரே ஒரு பிட் கூடுதல். 24 × 64 = 1,536-உடன் அந்த 8 கிலோபிட்டைச் சேர்த்தால் 1,544. அதுதான் டி1.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அங்கே 9 டி1-ல் ஓடும் பேச்சை இங்கே எத்தனை இ1-ல் வாங்கலாம்? வேகத்தை வைத்து வகுத்தால் 6.8 வரும், 7 போதும் என்று தோன்றும். சானலை எண்ணினால் 9 × 24 = 216. அதை 30-ஆல் வகுத்தால் 7.2, அதாவது 8 இ1 வேண்டும். ஆனால் அந்த டி1-கள் பி.ஆர்.ஐ. (அலுவலகங்களுக்கான டிஜிட்டல் டெலிபோன் இணைப்பு) ஆக இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சானல் சிக்னலிங்குக்குப் போனால் பேச்சு 207 சானல்தான், 7 போதும். வெறும் டேட்டா என்றால் 16-வது ஸ்லாட்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு இ1-க்கு 31, அப்போதும் 7. ஆகவே உள்ளே என்ன ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள், அப்புறம் கணக்கு.

இ1-க்கு மேலே பி.டி.எச். (எஸ்.டி.எம்-க்கு முந்தைய அடுக்கு முறை) ஏணி நான்கு நான்காக ஏறும். 4 இ1-க்கு 8.448, 16-க்கு 34.368 (இதுதான் '34 எம்.பி.'), 64-க்கு 139.264 ('140 எம்.பி.'). ஏன் சரியாக நான்கு மடங்காக இல்லை? ஒவ்வொரு 2 எம்.பி.யும் தன் சொந்த கிளாக்கில் ஓடுகிறது. பத்து லட்சத்துக்கு 50 வரை முன்பின் இருக்கலாம், அதாவது நொடிக்கு சுமார் 100 பிட். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் நிரப்பு பிட்டுகளும் ஃபிரேம் பிட்டுகளும் ஒவ்வொரு படியிலும் சேர்கின்றன. 139.264-ஐ 2.048-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 68 வரும். அந்த 68-ஐ நம்பி ஏமாறாதவர்கள் குறைவு. அமெரிக்க 45 எம்.பி.யும் இப்படித்தான்: 44.736-ஐ 1.544-ஆல் வகுத்தால் 28.97, ஆனால் உள்ளே 28 டி1-தான்.

எஸ்.டி.எம்-1-க்கு வருவோம். 9 வரிசை, 270 நெடுவரிசை, ஒவ்வொரு கட்டத்திலும் 8 பிட், நொடிக்கு 8,000 ஃபிரேம், பெருக்கினால் 155.52. அதற்குள் இ1-களை 3 × 7 × 3 என்று அடுக்கினால் 63. வேடிக்கை என்னவென்றால், பழைய 140 எம்.பி.யை அப்படியே முழுசாக எஸ்.டி.எம்-1-க்குள் ஏற்றினால் 64 இ1 போய்விடும். ஆனால் நடுவழியில் ஒரு இ1-ஐ மட்டும் இறக்க முடியாது.

இதற்கு மேலே சுலபம், எல்லாம் நேர் பெருக்கல்தான். எஸ்.டி.எம்-4 என்றால் 622.08, 252 இ1. எஸ்.டி.எம்-16 என்றால் 2,488.32, 1,008 இ1. அமெரிக்கத் தாளில் ஓ.சி. (அங்கே எஸ்.டி.எம்-க்கு இணையான அலகு) என்று இருந்தால் எண்ணை 3-ஆல் வகுங்கள்: ஓ.சி-12 என்பது எஸ்.டி.எம்-4.

பாட் என்று எழுதியிருந்தால் அது நொடிக்கு எத்தனை சிக்னல் மாற்றம் என்பது. ஒரு மாற்றத்தில் எத்தனை பிட் என்று தெரியாமல் மாற்றக்கூடாது. 2,400 பிட் மோடம் (வி.22பிஸ்) ஓடுவது 600 பாடில், ஒரு மாற்றத்துக்கு 4 பிட். 50 பாட் டெலக்ஸில் (தட்டச்சு செய்த எழுத்தை லைனில் அனுப்பிய பழைய சேவை) ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 7.5 அலகு போவதால் நிமிடத்துக்கு 400 எழுத்து.

கடைசியாக, வாடிக்கையாளர் அடிக்கடி கேட்பது: '2 எம்.பி. லைனுக்குக் காசு கட்டுறேன், டவுன்லோடு நொடிக்கு 235 கிலோபைட்தானே காட்டுது?' டேட்டாவுக்கு 31 ஸ்லாட், அதாவது 1,984 கிலோபிட். 8-ஆல் வகுத்தால் 248 கிலோபைட். லைனில் கிலோ என்றால் 1,000, அவர் கம்ப்யூட்டரில் 1,024, ஆக 242. பாக்கெட்டுகளின் தலைப்புக்கு 3 சதவீதம் கழித்தால் 235. லைனில் பழுது இல்லை, புகாரை மூடிவிடலாம்.