ரிமோட் காருக்குத் திரும்பி வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பதைத் தாண்டிய பலர் இப்போது டாமியா பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். 1984-இல் வந்த கிராஸ்ஹாப்பரையும் ஹார்னெட்டையும் அந்த ஜப்பான் கம்பெனியே மறுபடி வெளியிட்டதால், சிங்கப்பூர் மாமா வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றிய காரை இன்று சொந்தக் காசில் வாங்கிவிடலாம். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துகளை இவர்களும் வரிசையாக அடிக்கிறார்கள். தண்ணீரில் விடாதே, மண்ணைத் துடை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பழைய காரில் லிபோ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அந்தக் காலத்து கார் ஓடியது ஆறு செல் நிக்கல்-காட்மியம் பேட்டரியில், 7.2 வோல்ட். சார்ஜ் தீரத் தீர கார் தளரும்; போதும் என்று நாமும் எடுத்துவிடுவோம். இரண்டு செல் லிபோ 7.4 வோல்ட். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று மாட்டிவிடுகிறார்கள். லிபோ கடைசிவரை தம் கட்டி ஓடிவிட்டு, சட்டென்று சரியும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. லிபோவுக்கென்று செட் செய்த புது எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடும். பழைய மூன்று படி ஸ்பீடு கண்ட்ரோலருக்கு அந்த அறிவு கிடையாது. சர்வோ என்ற, ரிமோட் சொன்னபடி திரும்பும் குட்டி மோட்டார் ஒரு கையை நகர்த்தும், தகடு தகட்டைத் தொடும், மெதுவாகப் போனால் மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

போன வருடம் நண்பர் ஒருவர், அண்ணனின் பழைய கிராஸ்ஹாப்பரைப் பரணிலிருந்து இறக்கி, லிபோ மாட்டி மொட்டை மாடியில் விட்டார். "இன்னும் ஓடுது சார், பாருங்க!" என்று ஒரே குஷி. கார் நின்றபோது பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. சார்ஜர் ஏற்க மறுத்தது. விற்ற கடைக்காரர் போனில் தந்த யோசனைதான் உச்சம்: "நிக்கல் மோடுல போட்டு கொஞ்சம் ஏத்துங்க, அப்புறம் லிபோவுக்கு மாத்திக்கலாம்."

யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். அடிமட்டம்வரை காலியான செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்து ஷார்ட் ஆகலாம். சார்ஜ் ஏற்றும்போது தீப்பிடிக்கலாம். அந்த பேட்டரியை வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம்.

பழைய கண்ட்ரோலர்தான் வேண்டுமா? 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போதும். லிபோதான் வேண்டுமா? கண்ட்ரோலரை மாற்றுங்கள்.

முழு சார்ஜோடு அலமாரியில்

கூடாது. லிபோவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர்

ஜப்பான் ஸ்க்ரூவின் தலைக்கு வீட்டிலிருக்கும் பிலிப்ஸ் நுனி சரியாக உட்காராது, தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) நுனி வாங்குங்கள். கழற்றிய ஸ்க்ரூவை பிளாஸ்டிக்கில் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழும். அப்புறம் இறுக்குங்கள்.

பெயின்ட்

ஹார்னெட்டின் பாடி ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட், உள்பக்கம் அடிக்க வேண்டும். கிராஸ்ஹாப்பருடையது கெட்டி பிளாஸ்டிக், வெளிப்பக்கம்.

கிராஸ்ஹாப்பருக்கு 540 என்ற பெரிய மோட்டார்

அது ஹார்னெட்டிலேயே இருக்கிறது. அதையே வாங்கியிருக்கலாமே!