காற்றடித்த பிறகு கூரைக்கு ஆள் பிடிக்கும்போது விடும் தவறுகள்

தென்மேல் பருவக் காற்றோ, 2025 நவம்பரில் வந்த டித்வா மாதிரிப் புயலோ அடித்து ஓய்ந்ததும் இலங்கை மலையகத் தோட்டங்களில் எல்லோரும் தகரத்துக்கும், கூரை போடும் பாஸுக்கும் (மேஸ்திரிக்கும்) அலைவார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது, பேசியதை எழுதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் போவது வேறு.

சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பது

புதுத் தகரம் போட்டு ஒரு வருஷம் ஆகாத கூரை பறந்து தேயிலைக்குள் கிடந்தால், அதைப் புரட்டிப் பாருங்கள். தகரத்தில் இறக்கிய ஸ்குரூ அசையாமல் இருக்கும். தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகையும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். சிலாகையின் அடியில் துருப்பிடித்த பழைய மூன்றங்குல ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். சிலாகையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்திலிருந்து கழன்றது அந்த ஆணிதான். தகரத்துக்கு மட்டும் விலை பேசி, கீழே மரத்தை யாரும் பார்க்காததன் விளைவு இது. இத்தனை கூரை போன பிறகும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து விலை சொல்கிறவரிடமே வேலையைக் கொடுக்கிறார்கள்.

ஏணி வைத்து உள்ளே ஏறாதவருக்கு வேலை கொடுக்காதீர்கள். ஏறுகிறவர் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்க வேண்டும். கைமரத்தின் நுனி சுவரில் உட்காரும் இடம், முகட்டின் அடி, மழைநீர் வடியும் பீலியை ஒட்டிய மரம் ஆகிய மூன்று இடங்களிலும் குத்திப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். அடுப்புப் புகை படிந்து கறுத்த லயத்து (தோட்டத் தொழிலாளரின் தொடர்வீட்டு) மரத்தில் உளுத்தது கண்ணுக்குத் தெரியாது. குத்தினால்தான் தெரியும்.

அடுத்தது, சுவர்த்தலையில் கிடக்கும் மரம். பழைய கருங்கல் சுவர்களில் அது வெறுமனே கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். மேல் கல்லில் ஒரு போல்ட் போட்டால் காற்று அந்தக் கல்லையும் சேர்த்துத் தூக்கும். இரும்புப் பட்டையைச் சுவரோடு இரண்டு மூன்று அடி கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும். கைமரத்தைச் சுவர்மரத்தோடும், சிலாகையைக் கைமரத்தோடும் பட்டையாலோ ஸ்குரூவாலோ இறுக்க வேண்டும். இந்தச் செலவு தனி வரியாக எழுதப்படாத மதிப்பீடு மலிவாகத்தான் தெரியும்.

சிலாகையின் அளவையும் கேளுங்கள். ஓட்டுக்குப் போட்ட 2 × 1 அங்குலச் சிலாகை படுக்கையாகக் கிடந்தால் ஸ்குரூ பிடிக்க ஓர் அங்குல மரந்தான் கிடைக்கும். தகரத்துக்கு 2 × 2 வேண்டும். அவசரத்துக்கு ஈரமான யூக்கலிப்டஸை ஏற்றினால் அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், ஸ்குரூ தளர்ந்துவிடும்.

எந்தக் கோடியிலிருந்து போடுவார் என்று கேட்காதது

ஆளை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்க் கோடியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் மேல் தகரத்தின் விளிம்பு காற்றைப் பார்த்து வாய் திறக்காது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குக் காற்று. ஊவா மாகாணத்தில் உங்கள் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். “எங்கேயிருந்து போட்டாலும் ஒன்றுதான்” என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஸ்குரூ அலையின் மேட்டில் இறங்க வேண்டும். இறவாரம், முகடு, பக்க ஓரங்களில் ஒன்று விட்டு ஒரு மேடு. நடுவில் மூன்றுக்கு ஒன்று போதும். ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முறுக்கினால் அது வெடித்து, அந்த ஓட்டையே ஒழுகும்.

பக்கத்து வீட்டை மறப்பது

லயத்துக்கு ஒரே கூரை. அதில் உங்கள் வீடான காம்பிராவுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டால் அதன் அலை பக்கத்து வீட்டுப் பழைய தகரத்தின் அலையோடு பொருந்தாது. அந்த இடைவெளியில் முதலில் மழை நுழையும், பிறகு காற்று. அலை பொருந்தும் தகரத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நடுச்சுவருக்கு மேல் மடிப்புத் தகரம் அடிக்கச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அஸ்பெஸ்டஸை உடைத்து இறக்க விடுவது

நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலை எடுத்தால் வேலையை நிறுத்துங்கள்.

படம் எடுக்காமல் பழுது பார்ப்பது

முதலில் சேதத்தின் படம், அடுத்து அதைப் பதிய கிராம உத்தியோகத்தர், பிறகுதான் பாஸ்.

பாஸின் தொழிற்சான்றிதழை மட்டும் பார்ப்பது

இருந்தால் நல்லதுதான். ஆனால் அவர் இரண்டு மழைக்காலத்துக்கு முன் போட்ட கூரை ஒன்றையும் போய்ப் பாருங்கள்.

நிலத்தில் வெடிப்பு இருக்கும்போது கூரை பேசுவது

வேண்டாம். மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் முதலில் வந்து பார்க்கட்டும்.

கடைசி நாள்

துளையிட்ட இரும்புத் தூளைத் தகரத்தின் மேல் அப்படியே விட்டுவிட்டு இறங்குவார்கள். ஒரு இரவு பனியில் அது துருப்பிடித்து, புதுத் தகரத்தில் புள்ளி புள்ளியாக ஊறும். மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் துடைப்பத்தை மேலே கொடுத்தனுப்புங்கள்.