ரிமோட் காரின் பற்சக்கர விகிதம்: முதலில் பற்களை எண்ணுங்கள்

புதிதாக ரிமோட் கார் வாங்கியவர் எவரும், எந்தப் பினியனை (மோட்டரில் பொருத்தும் சிறிய பற்சக்கரத்தை)ப் போட்டால் வேகமாக ஓடும் என்றுதான் முதலில் கேட்பார். கார் எந்தத் தரையில் ஓடப்போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, பற்சக்கர மூடியைத் திறவுங்கள். மோட்டர் அச்சில் இருக்கும் சிறியது பினியன். அதனுடன் பொருந்திச் சுழலும் பெரியது ஸ்பர். ஒரு பல்லில் பேனையால் புள்ளி வைத்துவிட்டு எண்ணினால் கணக்குத் தவறாது. ஸ்பரில் 80, பினியனில் 20 பற்கள் என்றால் விகிதம் 4.

அடுத்து, கியர் பெட்டியின் உள் விகிதத்தைக் கையேட்டில் பார்த்து அதனுடன் பெருக்குங்கள். அது 2.5 என்றால் இறுதி விகிதம் 10. அதாவது மோட்டர் 10 முறை சுற்றும்போது சில்லு ஒரு முறை சுற்றும். சைக்கிளில் இது தலைகீழ்: முன்னால் 48, பின்னால் 18 பற்கள் இருந்தால், மிதி ஒரு முறை சுற்றும்போது பின்சில்லு ஏறத்தாழ 2.67 முறை சுற்றும். கால் மெதுவாக, ஆனால் பலமாக மிதிக்கிறது. மோட்டரோ மிக வேகமாகச் சுற்றினாலும் இழுவை குறைந்தது என்பதால், அதன் வேகத்தைக் குறைத்தே இழுவையைப் பெறவேண்டியிருக்கிறது.

பினியனைப் பெரிதாக்கினால் உச்ச வேகம் கூடும், இழுவை குறையும், மோட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். 20 பல்லுக்குப் பதில் 21 போடுவது, ஸ்பரில் 4 பற்களைக் குறைப்பதற்கு ஏறத்தாழச் சமம் என்பதால் ஒவ்வொரு பல்லாகவே மாற்றுங்கள். நான் ஒரேயடியாக 26க்குத் தாவினேன். கிளிநொச்சியில் தார் வீதியில் பறந்த கார், முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை; கருகிய வார்னிஷ் மணம் வந்தபோது மோட்டர் போய்விட்டிருந்தது. மணலுக்கும் கிரவலுக்கும் சிறிய பினியனே பொருந்தும்.

புதிய பினியனின் பிட்ச், அதாவது பற்களின் பருமனைக் காட்டும் எண், ஸ்பருடையதாகவே இருக்கவேண்டும். 48 பிட்ச் ஸ்பருக்கு 32 பிட்ச் பினியன் பொருந்தாது. பொருத்தும்போது கொப்பித் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரு சக்கரங்களுக்கும் இடையில் வைத்து, மோட்டரை நெருக்கி ஆணியை இறுக்கியபின் சக்கரங்களைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்புகளோடு வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் பற்கள் அதிகம் நெருங்கியுள்ளன.

கடைசியாக, மத்தியான வெயிலில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வெப்பமானியால் மோட்டரை அளந்து பாருங்கள். 80 பாகை செல்சியசை நெருங்கினால் பினியனில் ஒரு பல்லைக் குறைத்து, மோட்டர் ஆறியபின் மறுபடி ஓட்டுங்கள்.